அதிவேகக் கறுப்பு வெள்ளை பிலிம் கழுவுதல்

மங்கிய வெளிச்சத்திலும் படமெடுக்க உதவும், ஐஎஸ்ஓ 400-உம் அதற்கு மேலும் வேகமுள்ள பிலிமை வீட்டிலேயே நெகட்டிவாக்கும் முறை. கோடாக் டிரை-எக்ஸ் (35 மி.மீ. சுருளாக 1954), இல்ஃபோர்ட் எச்பி5 பிளஸ் ஆகியவை இவ்வகையில் புகழ்பெற்றவை. இவை எல்லா நிற ஒளியையும் பதிந்துகொள்வதால் சிவப்பு விளக்குகூட ஆகாது. முழு இருட்டில், விரலால் தடவியே சுருளை ரீலில் ஏற்றி, ஒளிபுகாத தொட்டியில் அடைக்க வேண்டும். பிறகு விளக்கைப் போட்டுக்கொள்ளலாம். உருவத்தை வெளிக்கொணரும் டெவலப்பர், அதன் வேலையை நிறுத்தும் ஸ்டாப் பாத், உருவத்தை நிலைப்படுத்தும் ஹைப்போ, கழுவத் தண்ணீர் என்பது வரிசை. எச்பி5 பிளஸை ஐடி-11 டெவலப்பர் கரைசலில் 20 டிகிரி செல்சியஸில் ஏழரை நிமிடம் வைப்பார்கள். 1600 வேகத்தில் எடுத்திருந்தால் 14 நிமிடம். நேரம் கூடக்கூட, அச்சிட்ட படத்தில் வெளுத்த பகுதிகள் மேலும் வெளுக்கும், படத்தின் மணிகள் பருக்கும்; நிழலில் பதியாமல் போன விவரம் மட்டும் எவ்வளவு நேரம் வைத்தாலும் வராது. வெப்பமான ஊர்களில் கரைசல் பாட்டிலை ஐஸ் தண்ணீரில் நிறுத்தி அந்த 20 டிகிரிக்குக் குளிர்வித்த பிறகே வேலையைத் தொடங்க வேண்டும்.