இன்ட்ராமுரோஸ்: மணிலாவின் மதிலகத்தில் ஒரு சுற்று

பிலிப்பைன்ஸ் தலைநகர் மணிலாவின் நடுவே, பசிக் ஆறு கடலில் சேரும் இடத்தில், மதில் சூழ்ந்து கிடக்கும் பழைய நகரம் இன்ட்ராமுரோஸ். ‘மதில்களுக்குள்’ என்பது இந்த லத்தீன் பெயரின் பொருள். ஸ்பானியத் தளபதி மிகேல் லோபெஸ் தே லெகாஸ்பி 1571-இல் இதைத் தலைநகராக நிறுவினார். அதற்கு முன் இங்கே சுலைமான் என்ற முஸ்லிம் அரசரின் மரக்கோட்டை இருந்தது. ஸ்பானியர் மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் பிலிப்பைன்ஸ் தீவுகளை ஆண்டது இங்கிருந்துதான். சுமார் 67 ஹெக்டேர் பரப்பும் நாலரை கிலோமீட்டர் மதிலும் கொண்ட இந்த நகரை வழிகாட்டியோடு அரை நாளில் நடந்தே பார்த்துவிடலாம். ‘கலேசா’ என்ற குதிரை வண்டியும் மூங்கில் சட்ட மிதிவண்டியும் வாடகைக்குக் கிடைக்கும். கலேசாவில் ஏறுமுன் கூலியைப் பேசி முடித்துக்கொள்வது நல்லது.

இங்கே வரும் பயணி முதலில் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. கண்ணில் படும் ‘பழைய’ கட்டடங்களில் பெரும்பாலானவை 1945-க்குப் பின் எழுந்தவை. அந்த ஆண்டு பிப்ரவரி 3 முதல் மார்ச் 3 வரை ஜப்பானியப் படைக்கும் அமெரிக்கப் படைக்கும் நடந்த மணிலாப் போரில் பொதுமக்கள் மட்டும் சுமார் ஒரு லட்சம் பேர் மாண்டனர். ஜப்பானியரின் படுகொலைகளுக்குத் தப்பியவர்களில் பலர் அமெரிக்கப் பீரங்கிக் குண்டுகளுக்கு இரையானார்கள். நகரம் கல்மேடானது. 1979-இல் அமைக்கப்பட்ட இன்ட்ராமுரோஸ் நிர்வாகம் மதில்களையும் வாயில்களையும் சீரமைத்தது. ஆகவே இங்கே இருப்பதைக் காட்டுவதோடு வழிகாட்டியின் வேலை முடிவதில்லை. இல்லாமல் போனதையும் சொல்லால் எழுப்பிக் காட்ட வேண்டும். இந்தக் கலையில் பேர்பெற்றவர், 2019-இல் மறைந்த கார்லோஸ் செல்ட்ரான். ஊரின் வரலாற்றை நாடகம்போல நடித்துக் காட்டியபடியே கூட்டத்தை அழைத்துச் செல்வார்.

சுற்று வழக்கமாக வடமுனையிலுள்ள சாந்தியாகோ கோட்டையில் தொடங்கும். சுலைமானின் கோட்டை இருந்த இடம் இது. எரிமலைச் சாம்பல் இறுகி உண்டான கல்லால் இதைக் கட்டினார்கள். பிலிப்பைன்ஸின் தேசிய வீரர் ஹோசே ரிசால் 1896 நவம்பரிலிருந்து இங்கே சிறைப்பட்டிருந்தார். கண் மருத்துவரும் நாவலாசிரியருமான அவர், தம் கடைசிக் கவிதையைச் சிறிய சாராய அடுப்பொன்றுக்குள் ஒளித்து வைத்து, அதைத் தம் சகோதரியிடம் சேரச் செய்தார். டிசம்பர் 30 காலை வெளியே பகும்பயான் திடலுக்கு நடத்திச் சென்று அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அந்தக் கடைசி நடையின் சுவடுகளாக வெண்கலக் காலடிகளைத் தரையில் பதித்திருக்கிறார்கள். அவற்றின் மீது கால்வைத்து நடக்கும் பள்ளிப் பிள்ளைகள் பேச்சைக் குறைத்துக்கொள்வதைக் காணலாம். ஆற்றோரக் கொத்தளத்தின் அடியிலுள்ள நிலவறைகள் 1945-இல் கைதிகளைப் பூட்டிவைத்த இடம். அங்கே கண்டெடுத்த சுமார் 600 உடல்களை அடக்கம் செய்த இடத்தை ஒரு வெள்ளைச் சிலுவை காட்டுகிறது.

கோட்டையை விட்டு வந்தால் ரோமா சதுக்கம். அதன் நடுவே நிற்கும் சிலை ஸ்பெயின் மன்னர் நான்காம் கார்லோஸுடையது. காலனி மன்னர் ஒருவரின் சிலையை விடுதலைக்குப் பின்னும் வைத்திருப்பானேன் என்று கேட்கத் தோன்றும். அவர் அனுப்பிய அம்மைத் தடுப்பு மருந்துக்கான நன்றிதான் இந்தச் சிலை. குளிர்பெட்டி இல்லாத அக்காலத்தில் அந்த மருந்து கெடாமல் கடல் தாண்ட வழி ஒன்றே இருந்தது: ஒருவர் கையில் கொப்புளம் எழும்பியதும் அதிலிருந்து எடுத்து அடுத்தவர் கையில் குத்துவது. மெக்சிகோவிலிருந்து 26 சிறுவர்களைக் கப்பலேற்றி, அவர்கள் கைகளிலேயே மருந்தைச் சுமக்கவைத்து 1805-இல் மணிலா சேர்த்தார்கள். சிலை மன்னருக்கு எழுந்தது. என்னைக் கேட்டால் அது அந்தப் பிள்ளைகளுக்கு உரியது. எதிரேயுள்ள பேராலயம் நிலநடுக்கங்களாலும் போராலும் மீண்டும் மீண்டும் அழிந்தது. இன்றிருப்பது 1958-இல் முடிந்த கட்டடம்.

ஜெனரல் லூனா தெருவில் தெற்கே நடந்தால் சிறு திடலொன்றில் 1945-இல் மாண்டவர்களுக்கான நினைவுச் சிற்பம் இருக்கிறது. இறந்த குழந்தையை ஏந்திய தாய், அவளைச் சுற்றிச் சரிந்து கிடக்கும் மனிதர்கள். 1995-இல் திறக்கப்பட்டது. சிறிது நேரமாவது இங்கே நிற்க வேண்டும்.

அடுத்து வரும் சான் அகுஸ்தின் தேவாலயமே இந்தச் சுற்றின் உயிர். 1607-இல் கட்டி முடித்த இது எத்தனையோ நிலநடுக்கங்களையும் தாங்கிப் போரின் முடிவிலும் எழுந்து நின்றது. நிலநடுக்கத்தில் பழுதடைந்த ஒரு மணிக்கூண்டை மட்டும் இழந்தது. யுனெஸ்கோ 1993-இல் இதை உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்த்தது. வாசலில் சீனக் கல்சிங்கங்கள் காவலிருக்கின்றன. உள்ளே அண்ணாந்து பார்த்தால் விதானமெங்கும் பூவேலைச் செதுக்கல் போலத் தெரியும். உண்மையில் ஒரு செதுக்கல்கூட இல்லை. இரண்டு இத்தாலிய ஓவியர்கள் வெறும் வண்ணத்தாலும் நிழலாலும் 1875-இல் செய்த கண்மயக்கு அது. லெகாஸ்பியின் கல்லறையும் இங்கேதான்.

எதிரேயுள்ள காசா மணிலா, ஸ்பானியர் காலச் செல்வந்தர் வீட்டின் மாதிரி. 1980-களில் கட்டியது. கண்ணாடிக்குப் பதிலாகச் சதுரச் சதுரமாகச் சிப்பி ஓடு பதித்த ஜன்னல்களுக்காகவே உள்ளே போகலாம். அந்த வீட்டுச் செல்வம் எங்கிருந்து வந்தது என்பதற்கு விடை கடலில் இருக்கிறது. 1565 முதல் 1815 வரை ஆண்டுதோறும் மெக்சிகோவின் அகபுல்கோவுக்கும் இத்தீவுகளுக்கும் இடையே பெருங்கப்பல்கள் ஓடின. சீனப் பட்டும் பீங்கானும் சோழமண்டலக் கரையின் பருத்தித் துணியும் போயின. வெள்ளி வந்தது. நம் ஆர்க்காட்டுப் பகுதியில் நிலக்கடலையை ‘மணிலாக் கொட்டை’ என்று சொல்வதிலும் இவ்வூரின் பேர் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

சுற்று முடியும் தெற்குமுனையில் சான் தியேகோ கொத்தளம். ஏசு சபைத் துறவி அந்தோனியோ செதேன்யோ 1586-இல் கட்டத் தொடங்கிய இது, நகரின் மிகப் பழைய கற்கோட்டைப் பகுதி. தோண்டி வெளிக்கொணர்ந்த வட்டச் சுவர்கள் ஒன்றுக்குள் ஒன்றாக, வற்றிய பெரிய கிணறு போல இருக்கின்றன. வெளியே இருந்த அகழியை அமெரிக்கர் தூர்த்துவிட்டார்கள். அங்கே இப்போது கோல்ஃப் திடல். இந்த மூலையைத்தான் 1762-இல் ஆங்கிலேயப் பீரங்கிகள் உடைத்தன. அந்தப் படை புறப்பட்ட இடம் சென்னைப் பட்டணம். வில்லியம் டிரேப்பர் தலைமையில் போன அதில் சென்னைச் சிப்பாய்களும் இருந்தார்கள். அக்டோபர் 6-இல் நகரம் வீழ்ந்தது. 1764-இல் ஆங்கிலேயர் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கப்பலேறியபோது சில சிப்பாய்கள் ஊர் திரும்பவில்லை. நகருக்குக் கிழக்கே கைன்தா என்ற ஊரில் பெண்ணெடுத்துத் தங்கிவிட்டார்கள். அவர்கள் வழிவந்தவர்கள் என்று சொல்லிக்கொள்ளும் குடும்பங்கள் அங்கே இன்றும் இருக்கின்றன.