எண்ணப்பட்டவர்கள்

1905ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். கோலாலம்பூர் மனநோயாளிகள் விடுதியில் நோயாளிகளைச் சாப்பாட்டுக் கொட்டகையில் வரிசையாக நிறுத்தி எண்ணினார்கள். ஒற்றைப்படை எண் வந்தவர்கள் ஒரு வார்டுக்குப் போனார்கள், இரட்டைப்படை எண் வந்தவர்கள் இன்னொரு வார்டுக்கு. இரு வார்டுக்கும் மற்ற உணவெல்லாம் ஒன்றுதான். சோறு மட்டும் வேறு. ஒரு வார்டுக்குச் சயாமிலிருந்து வந்த, ஆலையில் தீட்டிய வெள்ளைப் பச்சரிசி. மற்றதற்கு இந்தியப் புழுங்கலரிசி.

ஓராண்டு கழித்துக் கணக்குப் பார்த்தார்கள். பச்சரிசி தின்ற 120 பேரில் 18 பேர் பெரிபெரி நோயால் இறந்திருந்தார்கள். புழுங்கலரிசி தின்ற 123 பேரில் அந்த நோயால் ஒருவரும் சாகவில்லை. நோய் இடத்தின் குற்றமாக இருக்குமோ என்ற சந்தேகத்தில், நடுவில் இரண்டு கூட்டத்தாரையும் வார்டு மாற்றிக்கூடப் பார்த்திருந்தார்கள். ஆள் இடம் மாறியும் நோய் அரிசியின் பின்னாலேயே போனது.

இந்தச் சோதனையைச் செய்தவர் வில்லியம் ஃபிளெச்சர் என்ற ஆங்கிலேய மருத்துவர். 1907இல் லான்செட் இதழில் அறிக்கை வெளிவந்தது. உணவை வைத்து மனிதர்கள்மீது நடத்தப்பட்ட ஆரம்பகாலச் சோதனைகளில் முக்கியமான ஒன்றாக மருத்துவ வரலாற்றாசிரியர்கள் இதைக் குறிப்பிடுகிறார்கள். நான் இதை முதலில் வாசித்தபோது என்னை நிறுத்தியது புழுங்கலரிசி என்ற ஒரு சொல்தான். நம் வீட்டுப் பானையில் தினமும் வேகிற பொருள் எப்படி லான்செட் வரைக்கும் போனது? யார் கொண்டுபோனார்கள்? அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனபோது வேறு ஒரு கேள்வியில் வந்து நின்றேன். நம் உடல்நலத்தைப் பற்றிய ஆய்வில் நாம் யாராக இருந்தோம்?

*

பெரிபெரி எப்படிப்பட்ட நோய் என்று இன்றைய தலைமுறைக்குத் தெரிய வாய்ப்பில்லை. முதலில் கால் மரத்துப்போகும். நடை தள்ளாடும். சிலருக்குக் கால் வீங்கி, வீக்கம் மேலே ஏறி, மூச்சு முட்டி, கடைசியில் இதயம் நின்றுவிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மலாய் மாநிலங்களின் ஈயச் சுரங்கங்களில் சீனத் தொழிலாளர்களை இது கொத்துக்கொத்தாகக் கொன்றது. கிருமி என்றார்கள், ஈர மண் என்றார்கள், நெரிசலான கொட்டகை என்றார்கள்.

அண்டையில் இருந்த டச்சு ஜாவாவில் வேறொரு தடயம் கிடைத்திருந்தது. பத்தாவியாவில் கிறிஸ்டியான் எய்க்மான் தீட்டிய அரிசிச் சோறு தின்ற கோழிகளுக்குக் கால் விழுவதைக் கவனித்தார். அவருடைய நண்பர் வோர்டர்மான் 1890களில் ஜாவாவின் 101 சிறைகளில் கைதிகளுக்கு என்ன அரிசி போடுகிறார்கள் என்று கணக்கெடுத்தார். வெள்ளையரிசி போட்ட சிறைகளில் பெரிபெரி மிகுதியாக இருந்தது. தவிடு போகாத அரிசி போட்ட சிறைகளில் அது ஏறக்குறைய இல்லவே இல்லை.

இங்கே நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராக இருந்தவர் லெனார்ட் பிராடன். அவர் பார்த்தது கோழியை அல்ல, மனிதர்களை. ஒரே நாடு, ஒரே வெயில், ஒரே மழை. கடையில் வாங்கிய வெள்ளையரிசி தின்னும் சீனர்கள் சாகிறார்கள். தன் நிலத்து நெல்லை அன்றன்றைக்குக் குத்திச் சமைக்கும் கம்பத்து மலாய்க்காரர்களுக்கு நோய் அரிது. சுரங்கத்துச் சீனரைவிட எந்த விதத்திலும் வசதியாக வாழாத தமிழ்க் கூலிகளுக்கும் அரிது. என்ன வித்தியாசம்? தமிழர்கள் தின்றது அவித்துக் காயவைத்துக் குத்திய அரிசி. பிராடன் 1907இல் இதை ஒரு பெரிய புத்தகமாகவே எழுதினார்.

அவர் சொன்ன காரணம் தவறு. உமி நீக்கி நாள்பட்ட அரிசியில் ஒரு விஷம் உண்டாகிறது என்று அவர் நம்பினார். உண்மையில் அங்கே இருந்தது விஷம் அல்ல, குறைபாடு. தவிட்டில் இருக்கும் பி1 சத்து ஆலையில் தீட்டும்போது போய்விடுகிறது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது அந்தச் சத்து நீரில் கரைந்து மணியின் உள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் அதில் ஒரு பங்கு தங்கும். காரணத்தைத் தவறாகச் சொன்னாலும் பிராடன் சரியான இடத்தில் பார்த்தார். அவர் பார்த்த இடம் சோற்றுப்பானை.

உடனே, 'பாத்தீங்களா, நம்ம முன்னோர்கள் அப்பவே விஞ்ஞானிகள்' என்று வாட்சப்பில் ஒரு செய்தி கிளம்பிவிடும். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நெல்லை அவித்தவர்களுக்குப் பி1 தெரியாது. அவித்தால் உமி லேசாகக் கழலும், அரிசி நொறுங்காது, நாள்பட இருக்கும். பாட்டியிடம் கேட்டிருந்தால், 'பச்சரிசிச் சோறு வயித்துல நிக்காதுடா, புழுங்கலரிசிதான் தாங்கும்' என்று சொல்லியிருக்கும். அவ்வளவுதான். ஆனால் அந்த அவ்வளவுதான் ஒரு சாட்சியம். தலைமுறைகளாக ஒரு சமூகம் தன் உடம்பில் சோதித்துச் சேர்த்து வைத்த சாட்சியம். பிராடன் அதைப் பார்வையாளராக எடுத்துக்கொண்டார். நெல் அவித்தவர்களும் தோட்டத்துக் கடையில் அந்த அரிசியைக் கேட்டு வாங்கியவர்களும் அவருடைய ஆய்வில் தகவலாக இருந்தார்கள், ஆட்களாக இல்லை.

ஃபிளெச்சருக்குப் பிறகு கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த ஃபிரேசரும் ஸ்டாண்டனும் இன்னும் கறாராக ஒரு சோதனை செய்தார்கள். நெகிரி செம்பிலானில் டுரியான் திப்புஸ் என்ற காட்டுப்பகுதியில் சாலை போட வந்த சுமார் 300 ஜாவானியத் தொழிலாளர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு வெள்ளையரிசி, மறு பாதிக்குப் புழுங்கலரிசி. சுமார் மூன்று மாதத்தில் வெள்ளையரிசிக் கூட்டத்தில் நோய் தலைகாட்டியது. பிறகு அரிசியை மாற்றினார்கள். நோயும் மாறியது. 1909இல் அறிக்கை வந்தது. 1910இல் மணிலாவில் கூடிய வெப்பமண்டல மருத்துவர்கள் மாநாடு, வெள்ளையரிசியையே முக்கிய உணவாகத் தொடர்ந்து உண்பதோடு பெரிபெரி தொடர்புடையது என்று தீர்மானம் போட்டது.

இந்த ஆய்வுகளால் உயிர்கள் பிழைத்தன. அதை மறுப்பது நேர்மையாகாது. மலாயாவின் சிறைகளிலும் அரசு விடுதிகளிலும் புழுங்கலரிசி வந்தது, நோய் குறைந்தது. ஆனால் அந்தப் 18 பேரைத் தாண்டிப் போக என்னால் முடியவில்லை. ஒரு வார்டில் ஆள் விழுந்துகொண்டே இருக்கிறான், பக்கத்து வார்டில் ஒருவனும் விழவில்லை. எத்தனையாவது சாவில் 'போதும், அரிசியை மாத்துங்க' என்று சொல்லியிருக்க வேண்டும்? சொல்லும் இடத்தில் யார் இருந்தார்கள்? அடைபட்டுக் கிடக்கும் ஒருவரிடம் எந்தச் சோறு வேண்டும் என்று கேட்கும் உலகம் அல்ல அது.

அந்தக் காலம் அப்படித்தான் என்று சொல்லிவிட்டுப் போகவும் முடியாது. 1900ஆம் ஆண்டிலேயே பிரஷ்ய அரசு தன் மருத்துவமனைகளுக்கு ஓர் ஆணை அனுப்பியிருந்தது. சிகிச்சைக்காக அல்லாத சோதனைகளைச் சிறுவர்மீதும் சுயமாக முடிவெடுக்க இயலாதவர்மீதும் செய்யக்கூடாது, மற்றவர்களிடம் விளக்கிச் சம்மதம் வாங்க வேண்டும் என்றது அந்த ஆணை. ஆக, அந்த எண்ணம் அன்றைக்கு உலகத்தில் இருந்தது. காலனிக்குத்தான் வந்து சேரவில்லை.

அரசு விடுதிகளுக்கு வெளியே கதை வேறு. புழுங்கலரிசியின் வாடையும் நிறமும் சீனத் தொழிலாளர்களுக்குப் பிடிக்கவில்லை. கைதிக்கு அரிசியை மாற்ற ஓர் உத்தரவு போதும். சுதந்திரமாக இருப்பவனுக்கு உத்தரவு போதாது, அவனோடு உட்கார்ந்து பேச வேண்டும். எண்ணத் தெரிந்த நிர்வாகத்துக்குப் பேசத் தெரியவில்லை. எய்க்மானுக்கு 1929இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அறிவு ஆய்வுக்கூடத்துக்கு வந்துவிட்டால் நோய் ஊரைவிட்டுப் போய்விடும் என்பதில்லை.

*

அதற்கு ஆகக் கொடுமையான சான்று நம் வரலாற்றிலேயே இருக்கிறது.

1942–43இல் சயாம் – பர்மா ரயில் பாதை. மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்கள் கொண்டுபோகப்பட்டார்கள். மலேரியா, வாந்திபேதி, காலரா, ஆறாத புண். அவற்றோடு பெரிபெரியும். கொடுத்தது தீட்டிய வெள்ளையரிசி, அதுவும் அரைவயிற்றுக்கு. புழுங்கலரிசி தின்பதால் பெரிபெரி வராதவர்கள் என்று ஆய்வு நூலில் பதிவான அதே மக்களின் பிள்ளைகள், முப்பத்தைந்து ஆண்டு கழித்து அந்த நோய்க்கு ஆளானார்கள். அதற்கான மருந்து என்ன என்று உலகத்துக்குத் தெரிந்திருந்தது. பி1 சத்தைப் பிரித்தெடுத்து, 1936இல் செயற்கையாகவே தயாரித்தும்விட்டார்கள். ஆனால் பானையில் என்ன அரிசி விழும் என்பதைத் தீர்மானிக்கும் உரிமை அவர்களிடம் இல்லை.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. அதே பாதையில் வேலை செய்த சுமார் 60,000 போர்க்கைதிகளில் 12,000க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள் என்று ஓரளவு துல்லியமாகச் சொல்ல முடிகிறது. அவர்களோடு அவர்களுடைய மருத்துவர்கள் இருந்தார்கள். ஒளித்து வைத்தாவது குறிப்பு எழுதினார்கள். ஆசியத் தொழிலாளர்களின் சாவுக் கணக்கோ ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது, பல பத்தாயிரம் வித்தியாசத்தில். முகாமில் அவர்களுக்கென்று எழுதி வைக்க ஆள் இல்லை. பின்னாளில் ஆர்.சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ.ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' என்று நம்மவர்கள் நாவலாகத்தான் அதை எழுத வேண்டியிருந்தது.

1905இல் எண்ணினார்கள், கேட்கவில்லை. 1943இல் எண்ணவும் இல்லை.

*

நியூரம்பர்க் விசாரணைக்குப் பிறகு, 1947இல்தான் சம்மதம் என்பது உலக அளவில் ஆய்வின் முதல் விதியானது. 1978இல் அல்மா-அட்டா மாநாட்டுப் பிரகடனம் ஒரு படி மேலே போனது. தங்கள் சுகாதாரத்தைத் திட்டமிடுவதிலும் நடத்துவதிலும் பங்கெடுப்பது மக்களின் உரிமையும் கடமையும் என்றது. காகிதத்தில் நல்ல வாசகம். நம் தோட்டத்தில் அது எப்படி இருந்தது?

தோட்டத்தில் களைக்கொல்லி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். 'மருந்து' என்பார்கள். 'மருந்தடிக்கப் போறேன்' என்பார்கள். முதுகில் பம்பைச் சுமந்துகொண்டு ரப்பருக்கும் செம்பனைக்கும் அடியில் பாராகுவாட் அடித்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள், அவர்களில் மிகப் பலர் தமிழ்ப் பெண்கள். மூக்கில் ரத்தம் வரும், நகம் கழன்று விழும், தோல் வெந்துபோகும், கண் எரியும். தோட்டத்து டிரஸ்சரிடம் போனால் ஒரு மாத்திரை கிடைக்கும். பதிவேட்டில் 'தலைவலி' என்று ஏறினால் அது தலைவலிதான். தலைவலிக்கும் பம்புக்கும் தொடர்பு இருக்கிறதா என்று பதிவேடு கேட்காது.

அந்தக் கேள்வியைத் தெனகனித்தா அமைப்பு கேட்டது. ஐரின் பெர்னாண்டஸ் 1991இல் தொடங்கிய அமைப்பு அது. பினாங்கைத் தலைமையிடமாகக் கொண்ட பூச்சிக்கொல்லி எதிர்ப்பு வலையமைப்போடு சேர்ந்து, தோட்டங்களில் மருந்தடிக்கும் பெண்களிடம் போய் உட்கார்ந்தார்கள். என்ன மருந்து, எத்தனை மணி நேரம், கையுறை தந்தார்களா, டின்னில் ஒட்டியிருக்கும் எழுத்தைப் படிக்க முடிகிறதா, வீட்டுக்குப் போனபின் உடம்பு எப்படி இருந்தது என்று அந்தப் பெண்கள் சொன்னார்கள். 2002இல் அது ஆய்வு நூலாக வந்தது. அதே ஆண்டு அரசு பாராகுவாட்டைத் தடை செய்வதாக அறிவித்தது.

நான் இந்த ஆய்வையும் 1905ஆம் ஆண்டுச் சோதனையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். அறிவியல் கறார் என்று பார்த்தால் ஃபிளெச்சருடையதுதான் மேல். இரண்டு வார்டு, ஒரே ஒரு வித்தியாசம், சுத்தமான முடிவு. மருந்தடித்த பெண்ணை அப்படி இரண்டு வரிசையாக நிறுத்த முடியாது, நிறுத்தவும் கூடாது. ஆனால் ஃபிளெச்சரின் வார்டில் இல்லாத ஒன்று இங்கே இருக்கிறது. எதை ஆராய வேண்டும் என்ற கேள்வி நோய்ப்பட்டவளிடமிருந்து வருகிறது. கையுறை பற்றிக் கேட்க வேண்டும் என்று, பம்பைச் சுமக்காத ஒருவருக்குத் தோன்றாமலே போயிருக்கலாம். ஆய்வில் சமூகத்தின் பங்கு என்று கருத்தரங்குகளில் பேசுவதற்கு என் புரிதலில் இதுதான் பொருள். கையெழுத்து வாங்கும் சம்மதப் படிவம் முக்கியம்தான், ஆனால் அது ஆகக் குறைந்த பங்கு.

கதை அங்கே சுபமாக முடியவில்லை. 2006இல் தடை விலக்கப்பட்டது. பாராகுவாட் முழுமையாகத் தடை செய்யப்பட்டது 2020ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் தேதி. அந்தப் பெண்கள் சொன்ன உண்மை சட்டமாக நிலைக்க ஏறக்குறைய பதினெட்டு ஆண்டு. அதற்குள் தோட்டங்களே மாறிவிட்டன. லயங்கள் இடிக்கப்பட்டன, நம்மவர்கள் பட்டணத்து அடுக்குமாடிகளுக்கு வந்துவிட்டார்கள். இன்று செம்பனைத் தோட்டங்களில் பம்பைச் சுமப்பவர்கள் பெரும்பாலும் இந்தோனேசியர்கள், வங்காளதேசத்தினர். பாராகுவாட் போனாலும் வேறு மருந்துகள் இருக்கின்றன. அரசு மருத்துவமனையில் வெளிநாட்டவருக்குக் கட்டணம் பல மடங்கு. அனுமதிச் சீட்டு முதலாளியின் கையில் இருக்கும்போது, 'எனக்கு மூக்கில் ரத்தம் வருகிறது' என்று யாரிடம் போய்ச் சொல்வது?

டுரியான் திப்புஸில் வெள்ளையரிசி தின்னவைக்கப்பட்டவர்களும் வெளியிலிருந்து வந்த கூலிகள்தான். அந்த வரிசையில் அன்று ஜாவானியர், பிறகு தமிழர், இன்று மறுபடியும் ஜாவானியர், கூடவே வங்காளதேசத்தவர். நம் பாட்டிகளுக்கு நடந்ததை எழுதும் இளைஞர்கள் இன்று நம்மிடையே நிறைய இருக்கிறார்கள். அது நல்ல விஷயம். அந்தத் துயரத்தை நம் சொத்தாக மட்டும் வைத்துக்கொண்டால், பாட்டி சொன்னதில் பாதியைத்தான் கேட்டிருக்கிறோம் என்று அர்த்தம். இன்று பம்பைச் சுமப்பவரின் மொழியில் அந்த டின்னின் எழுத்து இருக்கிறதா என்று போய்ப் பார்ப்பது மீதிப் பாதி.