டிக்கெட் காசில் வளர்ந்த விடலைகள்

1933இல் ழான் விகோ எடுத்த 'நடத்தைக்குச் சுழியம்' படத்தில், விடுதிப் பிள்ளைகள் தலையணைகளைக் கிழித்து இறகு பறக்கப் பறக்க ஊர்வலம் போவார்கள். பிரெஞ்சுத் தணிக்கை அதைத் தடை செய்தது. உலகப் போர் முடிந்த பிறகுதான் தடை நீங்கியது. பள்ளிப் பிள்ளைகளின் கலகத்துக்கு அப்படி மிரண்ட அரசுதான், பின்னாளில் இத்தகைய படங்களுக்குப் பணம் போகவும் வழி செய்தது. பிரான்சில் விடலைப் பருவக் கதைகள் தலைமுறை தோறும் வந்துகொண்டே இருப்பதை இயக்குநர்களின் மேதைமைக்கு மட்டும் வரவு வைத்துவிட முடியாது. 1948 முதல் அங்கே விற்கும் சினிமா டிக்கெட்டுகளின் விலையில் ஒரு பங்கு வரியாகப் பிடிக்கப்பட்டுச் சினிமாவுக்கே திரும்புகிறது. ஹாலிவுட் படம் பார்க்க வரிசையில் நிற்பவரும் எவரோ ஒரு பிரெஞ்சு இளைஞரின் முதல் படத்துக்குக் காசு கொடுக்கிறார். 1959இல் வந்த முன்பண ஏற்பாட்டின்படி, ஒரு குழு திரைக்கதையைப் படித்துத் தொகை ஒதுக்கும். படம் வசூலித்தால் திருப்பிக் கொடுத்தால் போதும். நட்சத்திரமே இல்லாமல் ஒரு பள்ளிப் பையனை நம்பி எழுதிய கதைக்கு வட்டிக்காரர் யார் கடன் தருவார்?

இந்த மரபின் செல்லப் பிள்ளையான த்ரூஃபோவின் '400 அடிகள்' அரசுப் பணத்தில் பிறக்கவில்லையே என்று கேட்கலாம். உண்மைதான், கைகொடுத்தவர் பட விநியோகஸ்தரான அவருடைய மாமனார். சீர்திருத்த விடுதியில் படத்தின் நாயகச் சிறுவன் ஆந்த்வான் மேசை முன் உட்கார்ந்து பதில் சொல்லும் காட்சியில், உளவியலாளரின் குரல் மட்டும் கேட்கும், முகம் வராது. அந்தப் பதில்களில் பெரும்பகுதி, நடித்த ழான்-பியர் லியோ என்ற சிறுவன் அங்கேயே சொந்தமாகச் சொன்னவை. இப்படி ஒரு படம் மாமனார் தயவில் பிறக்கலாம். மாமனார் வாய்க்காதவர்களின் வரிசை எப்படி நீளும்? 1994இல் ஒளிபரப்பான ஒரு தொடருக்காக, பொதுத் தொலைக்காட்சியான ஆர்த்தே ஒன்பது இயக்குநர்களிடம் அவரவர் பதின்பருவக் காலத்தைப் படமாக்கச் சொன்னது. அந்தக் காலத்துப் பாட்டும் ஒரு விருந்துக் காட்சியும் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. தெஷினேயின் 'காட்டு நாணல்கள்' அங்கிருந்து வந்தது. அல்ஜீரியப் போரின் கடைசி மாதங்களை ஒரு மாணவர் விடுதிக்குள் கொண்டுவந்த அந்தப் படம் செசார் விருது பெற்றது.

பொதுப்பணம் படைப்பாளியைப் பணிய வைத்துவிடும் என்ற அச்சம் நியாயமானது. ஆனாலும் பொதுத் திரைப்படப் பள்ளியான ஃபெமிஸில் படித்த செலின் சியாமா, 2011இல் 'டாம்பாய்' எடுத்தார். புது ஊரில் தன்னைப் பையன் என்று சொல்லிக்கொள்ளும் பத்து வயதுச் சிறுமி லோர், குளிக்கப் போகுமுன் களிமண்ணை உருட்டி நீச்சல் உடைக்குள் வைத்துக்கொள்வாள். 2014இல் அந்தப் படத்தை ஒளிபரப்பக் கூடாதென்று எதிர்ப்பாளர்கள் கையெழுத்து திரட்டினார்கள். ஆர்த்தே ஒளிபரப்பியது.