செகெட் நகரில் சுருங்கிய இழை

தசை சுருங்கும்போது வெளிப்படும் விசை எங்கிருந்து பிறக்கிறது என்ற கேள்விக்கு, நரம்பு வழியே நுண்ணிய ஆவி ஒன்று பாய்ந்து தசையை ஊதிப் பருக்கவைக்கிறது என்பதே 17ஆம் நூற்றாண்டு வரை செல்வாக்குடன் இருந்த விடை. டச்சு மருத்துவர் யான் ஸ்வாமர்டாம் 1660களில் தவளைத் தசையைக் கண்ணாடிக் குழாய்க்குள் அடைத்து, நரம்பைத் தூண்டிப் பார்த்தார். தசை சுருங்கியது, ஆனால் அதன் பருமன் கூடவில்லை. ஆவிக் கொள்கை ஆட்டம்கண்டது அங்கேதான். 1864இல் ஜெர்மானியரான வில்ஹெல்ம் கூனே, தவளைத் தசையிலிருந்து உப்புநீரில் பிரித்தெடுத்த புரதத்துக்கு மயோசின் என்று பெயரிட்டார். அதன்பின் முக்கால் நூற்றாண்டு காலம், சுருங்கும் பொருள் மயோசின் ஒன்றே என்று நம்பப்பட்டது.

1939இல் மாஸ்கோவில் விளாதிமிர் எங்கெல்ஹார்ட், மிலிட்சா லூபிமோவா தம்பதியர் அந்த மயோசினுக்கு இன்னொரு குணம் இருப்பதைக் கண்டனர். உயிரணுவின் ஆற்றல் நாணயமான ஏடிபியை அது சிதைக்கிறது. விசை தரும் புரதமே எரிபொருளையும் செலவழிக்கிறது என்ற இந்தச் செய்தி, ஹங்கேரியின் தென்பகுதியில் டிஸா ஆற்றங்கரையில் உள்ள செகெட் பல்கலைக்கழகத்தை எட்டியது. அங்கே மருத்துவ வேதியியல் துறைக்குத் தலைவராக இருந்தவர் ஆல்பர்ட் செண்ட்-ஜார்ஜி. அந்த ஊரில் விளையும் சிவப்பு மிளகாயிலிருந்து வைட்டமின் சி-யைப் பெருமளவில் பிரித்தெடுத்தவர். 1937இல் நோபல் பரிசு பெற்றவர். அவர் தசையின் பக்கம் திரும்பிய நேரத்தில் ஐரோப்பாவில் போர் மூண்டிருந்தது.

திருப்புமுனை ஒரு தற்செயலில் வந்தது. அவருடன் பணிபுரிந்த இலோனா பங்கா, முயல் தசையை அரைத்து, அடர்ந்த உப்புக் கரைசலில் இருபது நிமிடம் ஊறவைத்து மயோசினை எடுப்பது வழக்கம். ஒருமுறை அந்தக் கலவை இரவு முழுவதும் அப்படியே விடப்பட்டது. காலையில் கிடைத்த சாறு கூழ்போலக் கெட்டியாக இருந்தது. அதில் ஏடிபி சேர்த்ததும் கெட்டித்தன்மை சட்டென்று குறைந்தது. இருபது நிமிடச் சாற்றிலோ அப்படிப் பெரிய மாற்றம் எதுவும் இல்லை. இரவோடு இரவாக வேறு ஏதோ ஒரு பொருள் தசையிலிருந்து கரைந்து வந்திருக்க வேண்டும்.

கெட்டிச் சாற்றை நுண்துளை வழியே நீர்த்த உப்புநீருக்குள் பீய்ச்சினால் அது மெல்லிய நூலாக உறையும். கொதிக்கவைத்து எடுத்த தசைச் சாற்றை அந்த நூலின் மேல் விட்டபோது, நுண்ணோக்கியின் கீழ் நூல் குறுகியது. சாற்றில் இருந்த ஏடிபியும் உப்புகளுமே அதற்குக் காரணம். உயிர் இல்லை, நரம்பு இல்லை, உயிரணுகூட இல்லை. புரதமும் உப்பும் ஏடிபியும் மட்டும் சேர்ந்து அசைந்தன. உயிரின் மிகப் பழைய அடையாளமான அசைவு சோதனைக் கண்ணாடியில் நிகழ்ந்த முதல் தருணங்களுள் இதுவும் ஒன்று. செண்ட்-ஜார்ஜி தம் வாழ்வின் மிகக் கிளர்ச்சியான அனுபவமாக இதைப் பின்னாளில் குறிப்பிட்டார். அதில் மிகை எதுவும் இல்லை.

மறைந்திருந்த அந்த இரண்டாவது புரதத்தைப் பிரித்தவர் அதே கூடத்தின் இளம் ஆய்வாளர் புருனோ ஸ்ட்ராப். மயோசின் எடுத்த பின் மிஞ்சிய தசையை அசிட்டோனில் கழுவி, உலர்த்திப் பொடியாக்கி, அந்தப் பொடியை நீரில் ஊறவைத்து அவர் பெற்ற புரதம்தான் ஆக்டின். முயல் தசையிலிருந்து ஆக்டின் எடுக்கும் ஆய்வகங்கள் இன்றும் அந்த அசிட்டோன் பொடியிலிருந்தே தொடங்குகின்றன.

1941 முதல் 1943 வரை இந்த முடிவுகள் செகெட் ஆய்வகத்தின் சொந்தத் தொகுதிகளாக ஆங்கிலத்தில் வந்தன. போர்க்காலத்தில் அவை வெளியுலகை அடைந்தது மிகக் குறைவு. நாஜி எதிர்ப்பில் ஈடுபட்ட செண்ட்-ஜார்ஜி 1944இல் ஜெர்மானியப் படை நாட்டைப் பிடித்ததும் தலைமறைவானார். போர் முடிந்தபின் அமெரிக்கா சென்றார். 1949இல் அவர் தந்த சான்று உறுதியானது. கிளிசரினில் ஊறவைத்துக் குளிரில் வைத்திருந்த முயல் தசை, வாரங்கள் கழித்தும் ஏடிபி பட்டவுடன் சுருங்கி, உயிருள்ள தசைக்கு இணையான இழுவிசையைத் தந்தது.

தசை எப்படிக் குறுகுகிறது என்பதற்கு 1954இல் விடை கிடைத்தது. ஹியூ ஹக்ஸ்லி, ஜீன் ஹான்சன் ஆகியோர் ஓர் அணி. ஆண்ட்ரூ ஹக்ஸ்லி, ரோல்ஃப் நீடர்கெர்கே ஆகியோர் மற்றோர் அணி. இரு கட்டுரைகளும் 'நேச்சர்' இதழின் ஒரே வெளியீட்டில் வந்தன. ஆக்டின் இழைகளும் மயோசின் இழைகளும் தம் நீளத்தில் மாறுவதில்லை. ஒன்றின் இடையில் மற்றொன்று வழுக்கி நுழைகிறது. மயோசினின் தலைப்பகுதி ஆக்டினைப் பற்றி, துடுப்புப்போல ஒருமுறை சாய்ந்து இழுக்கிறது. புதிய ஏடிபி வந்து ஒட்டினால்தான் தலை பிடியை விடும். இறந்த உடல் விறைப்பதற்குக் காரணமும் இதுவே: ஏடிபி தீர்ந்துபோனால் பிடி விடுபடாது.

தசைக்கு மட்டுமே உரிய பொறியா இது? 1966இல் ஜப்பானில் ஹதானோவும் ஊசாவாவும் தசையே இல்லாத சளிப்பூஞ்சையிலிருந்து ஆக்டினைப் பிரித்தனர். 1974இல் எலியாஸ் லசாரிடெஸ், கிளாஸ் வெபர் ஆகியோர், ஒளிரும் எதிர்ப்பொருள்களைக் கொண்டு, இணைப்புத்திசு உயிரணுக்களின் குறுக்கே ஓடும் ஆக்டின் கற்றைகளைக் காட்டினர். 1980இல் ஆல்பர்ட் ஹாரிஸ் குழுவினர் மெல்லிய சிலிக்கோன் ரப்பர் படலத்தின்மேல் உயிரணுக்களை வளர்த்தபோது, அவை இழுத்த இழுப்பில் படலத்தில் சுருக்கம் விழுந்தது. தனி ஓர் உயிரணு இழுப்பதைக் கண்ணால் பார்க்க முடிந்தது. காயத்தின் விளிம்புகளை நெருக்கிக் கொண்டுவருவதும், பிரியும் உயிரணுவை இடுப்பில் இறுக்கி இரண்டாக்குவதும் இதே ஆக்டினும் மயோசினும்தான். தசையின் தடித்த இழை ஒன்றில் சுமார் 300 மயோசின் மூலக்கூறுகள் இருக்க, இந்த உயிரணுக்களின் குட்டை இழைகளில் இருப்பவை சுமார் 30 மட்டுமே.

1994இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் ஸ்பூடிச் குழுவினர் ஒற்றை மயோசின் மூலக்கூறின் இழுப்பை லேசர் ஒளிப்பொறியால் அளந்தனர். ஓர் இழுப்புக்குச் சுமார் 11 நானோமீட்டர் நகர்வு. விசை 3 முதல் 4 பிக்கோநியூட்டன்.