ஊழியமும் ஊதியமும்

கொட்டியாரக் குடாவின் தென்கரையிலே இருக்கிறது சம்பூர். எதிர்க்கரையிலே திருகோணமலை நகரும் துறைமுகமும் இருக்கின்றன. பேருந்திலே செல்பவர் மூதூரையும் கிண்ணியாவையும் கடந்து, குடாவைச் சுற்றியே நகரை அடைய வேண்டும். சம்பூரிலே படித்துவரும் ஒரு பெண்ணுக்கு நகரத்து அலுவலகம் ஒன்றிலே ஆறு மாதப் பயிற்சி கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சம்பளம் இல்லை, முடிவிலே ஒரு சான்றிதழ் உண்டு. பேருந்துக் கட்டணமும் மதிய உணவும் அவள் பொறுப்பு. "விரும்பினால் வரட்டும், விரும்பாவிட்டால் போகட்டும்; இதிலே கட்டாயம் எங்கே இருக்கிறது?" என்று கேட்பார் உளர். பொருளாதாரச் சுதந்திரம் என்பதே இதுதான் என்று வாதிப்பாரும் உளர். இவர்களுக்கு விடை சொல்ல நாம் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கூலியின்றி உழைப்பது இத்தீவுக்குப் புதியதன்று. குளக்கோட்டன் திருக்கோணேச்சரத் தொண்டுக்கென மக்களைக் குடியேற்றித் தானத்தார், வரிப்பத்தார் என வகுத்து, இன்னார்க்கு இன்ன பணி என்று விதித்த மரபைக் கோணேசர் கல்வெட்டு என்னும் நூல் சொல்லுகிறது. கண்டி மன்னர் ஆட்சியிலே இத்தகைய கடமைக்கு இராசகாரியம் என்று பெயர். ஒல்லாந்தர் ஆண்ட பகுதிகளிலே செட்டிகளும் சோனகரும் ஊழியம் என்ற பெயரால் உழைத்தனர். உழைக்க விரும்பாதோர் பணம் செலுத்தித் தப்பினர்.

இம்முறைகளை நாம் போற்ற வரவில்லை. பிறப்பையும் சாதியையும் கொண்டு மனிதனைத் தொழிலோடு கட்டிப்போட்ட முறைகள் அவை. ஆயினும் ஒன்றை மறக்கலாகாது: கண்டி நாட்டு இராசகாரியம் பெரும்பாலும் நிலத்தோடு பிணைந்து நின்றது. கடமை செய்தவன் உழுதுண்ண ஒரு துண்டு வயலேனும் வைத்திருந்தான்.

ஆங்கிலேயர் வந்தனர், இராசகாரியத்தைத் தம் வசதிக்கு வளைத்துக்கொண்டனர். ஆளுநர் பார்ன்ஸ் காலத்திலே கொழும்பு - கண்டிச் சாலை அவ்வுழைப்பினாலேயே வெட்டப்பட்டது. 1829 இலே இலங்கைக்கு வந்த கோல்புரூக் இதனைக் கண்டித்து எழுதினார். 1832 ஆம் ஆண்டின் அரசாணை இராசகாரியத்தை ஒழித்தது. உழைப்பவன் தன் உழைப்பைத் தான் விரும்பிய இடத்திலே விற்கலாம் என்ற கொள்கை வென்றது. அது முன்னேற்றமே, ஐயமில்லை. ஆனால் எட்டே ஆண்டுகளில், 1840 இலே, உரிமை நிறுவப்படாத காடும் தரிசும் முடிக்கே உரியன என்று சட்டம் பிறந்தது. அந்நிலங்களிலே பெருந்தோட்டங்கள் எழுந்தன. உழைப்பவனின் கைகள் விடுதலை பெற்றன. அவன் காலூன்றிய மண் விலைபோயிற்று.

அதற்கும் மேலான பாடம் 1848 இலே கிடைத்தது. அவ்வாண்டின் சாலைச் சட்டம், வயதுவந்த ஆண்கள் ஆண்டுக்கு ஆறு நாள் தெருவேலை செய்ய வேண்டும் அல்லது அதற்கு ஈடாகப் பணம் கட்ட வேண்டும் என்று விதித்தது. சட்டத்தின் முன் அனைவரும் சமமே! காசுள்ளவன் கட்டிவிட்டு வீட்டிலிருந்தான், இல்லாதவன் கல்லுடைத்தான். மாத்தளையிலும் குருநாகலிலும் அவ்வாண்டு மூண்ட கிளர்ச்சிக்கு இச்சட்டமும் ஏனைய புதிய வரிகளும் காரணங்களாயின. தெரிந்தெடுக்கும் உரிமையை எல்லார்க்கும் கொடுத்துவிட்டு, அதனைப் பயன்படுத்தும் வலிமையைச் சிலரிடமே விட்டுவைத்தால் நேர்வது இதுதான்.

நம் காலத்துக்கு வருவோம். போர்க்காலத்திலே வடக்கு கிழக்குப் பள்ளிகளிலே ஆசிரியர் இல்லாத வகுப்புகளைக் காத்தவர்கள் தொண்டராசிரியர்கள். படித்த இளைஞரும் பெண்களும் சம்பளமின்றியோ மிகச் சிறு தொகை பெற்றோ ஆண்டுக்கணக்கிலே கற்பித்தனர். போர் ஓய்ந்தபின் நிரந்தர நியமனம் கேட்டு அவர்களே வீதியோரத்திலே அமர்ந்து போராட நேர்ந்தது. தொண்டு என்ற உயர்ந்த சொல், கொடுக்க வேண்டிய கூலியைக் கொடாமலிருக்கும் போர்வையும் ஆகக்கூடும் என்பதை ஆசிரியர்களாகிய நம்மிலே பலர் நேரிலே அறிவோம்.

சம்பூரின் கதை இன்னும் கடியது. 2006 ஏப்ரலிலே குண்டு வீச்சினால் ஊர் கலைந்தது. 2007 இலே உயர் பாதுகாப்பு வலயம் என்று அறிவிக்கப்பட்டது. மக்கள் கிளிவெட்டி, பட்டித்திடல் முதலிய இடங்களிலே முகாம் வாழ்க்கை நடத்தினர். நிலக்கரி மின்நிலையம் எழப்போகிறது என்றார்கள். அத்திட்டம் 2016 இலே கைவிடப்பட்டது. 2015 முதலே காணிகள் படிப்படியாக மீண்டன. 2025 இலே சூரிய மின்நிலையத் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. ஏறக்குறையப் பத்து ஆண்டுகள் வயலையும் கடலையும் இழந்திருந்த ஒரு குடும்பம், மகளை ஆறு மாதம் கூலியின்றி நகருக்கு அனுப்பச் சேமிப்பு எங்கிருந்து வரும்?

இப்போது அந்தக் கேள்விக்கு விடை சொல்லலாம். கட்டாயம் சவுக்கிலே மட்டும் இல்லை. வெறும் அடுப்பிலும் இருக்கிறது. சான்றிதழ் இன்றி வேலை இல்லை, பயிற்சி இன்றிச் சான்றிதழ் இல்லை, பணம் இன்றிப் பயிற்சி இல்லை என்றால், முதற்படியிலேயே ஏழையின் பிள்ளை தடுக்கப்படுகிறாள். செல்வர் வீட்டுப் பிள்ளை 1848 இலே காசு கட்டியவனைப்போலக் கடந்து செல்கிறான். பயிலுநர் கூலியின்றிச் செய்யும் வேலை, கூலிபெற வேண்டிய வேறொருவரின் இடத்தையும் விழுங்குகிறது. பழைய கடமைக்கு நிலமேனும் இருந்தது. புதிய ஊழியத்துக்கு ஒரு தாள்தான் மிச்சம்.

இது மாற்ற இயலாததன்று. இந்தியாவிலே 1961 ஆம் ஆண்டின் சட்டம், தொழில் பயில்வோருக்கு உதவித்தொகை கொடுத்தே தீரவேண்டும் என்று விதித்தது. கனடாவின் கியூபெக் மாநிலத்திலே 2018 நவம்பரில் மாணவர் பல்லாயிரவர் கூலியில்லாப் பயிற்சிக்கு எதிராக வகுப்புகளைப் புறக்கணித்தனர். ஆசிரியத்தொழிலும் தாதித்தொழிலும் பயிலும் பெண்களே அதனால் மிகுதியும் நலிகின்றனர் என்று அவர்கள் சுட்டிக்காட்டினர்.

மறுக்க முடிந்தவனுடைய சம்மதமே சம்மதம். மாணவரைப் பயிற்சிக்கு அனுப்பும் கடிதத்திலே நாம் கையொப்பமிடும் முன், பேருந்துக் கட்டணம் யார் தருகிறார் என்று ஒரு வார்த்தை கேட்போம். மாணவரும் கேட்கட்டும். 1832 இலே சட்டம் ஒழித்த ஊழியத்தைச் சான்றிதழின் பெயரால் நாமே மீட்டுக் கொடுக்கலாகாது.