குடும்ப வன்முறையும் பெண்களின் பொருளாதாரத் தற்சார்பும்

குடும்ப வன்முறைக்கு உள்ளாகும் பெண் அதைத் தடுத்து நிறுத்தவோ, அதிலிருந்து விலகித் தனித்து வாழவோ தேவைப்படும் வருவாய், சொத்து, தங்குமிடம் ஆகியவற்றைத் தன் கட்டுப்பாட்டிலேயே வைத்திருக்கும் நிலை பொருளாதாரத் தற்சார்பு எனப்படுகிறது. சம்பாதிப்பதோடு இது முடிந்துவிடுவதில்லை. சம்பளம் தன் பெயரிலுள்ள வங்கிக் கணக்கில் வரவானாலும், ஏடிஎம் அட்டையையும் அதன் ரகசிய எண்ணையும் கணவர் வைத்திருந்தால், அந்தப் பெண் பேருந்துக் கட்டணத்துக்கும் அவரிடமே கையேந்த வேண்டியிருக்கும். இந்தியாவின் ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019–21), திருமணமான 18 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களுள் கணவரின் உடல்சார்ந்த அல்லது பாலியல் வன்முறைக்கு எப்போதேனும் உள்ளானோர் நாடு முழுவதும் 29.3 விழுக்காடு, தமிழ்நாட்டில் 38.1 விழுக்காடு. நாட்டின் தொழிற்சாலைகளில் பணிபுரியும் பெண்களுள் ஏறத்தாழ நாற்பது விழுக்காட்டினரைக் கொண்ட மாநிலத்தில் இந்த அளவு இவ்வளவு உயர்ந்திருப்பது, கூலி மட்டுமே பெண்ணைக் காத்துவிடும் என்ற நம்பிக்கையை மறுபரிசீலனை செய்ய வைக்கிறது.

இந்தியாவில் 2005இல் இயற்றப்பட்டு 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், உடல், பாலியல், சொல் மற்றும் உணர்வு சார்ந்த கொடுமைகளோடு பொருளாதாரக் கொடுமையையும் வன்முறையின் ஒரு வகையாக வரையறுத்தது. வீட்டுச் செலவுக்குப் பணம் தர மறுப்பது, மனைவியின் சம்பளத்தைப் பறித்துக்கொள்வது, வேலைக்குப் போகவிடாமல் தடுப்பது, அவருடைய நகையை அடகு வைப்பது அல்லது விற்பது, அவர் குடியிருந்த வீட்டுக்குள் நுழையவிடாமல் கதவைப் பூட்டுவது ஆகியன இதில் அடங்கும். காயத்தை ஏற்படுத்தாததால் இக்கொடுமையை உறவினர்கள் பெரும்பாலும் குடும்பச் சண்டை என்றே ஒதுக்கிவிடுகின்றனர். ஆனால், அடிபட்ட பெண்ணை அடித்தவரின் வீட்டிலேயே பிணைத்து வைப்பது பெரும்பாலும் இதுவே.

தற்சார்பின் எந்தக் கூறு உண்மையில் பாதுகாப்பளிக்கிறது என்பதற்குத் தெளிவான விடைகளுள் ஒன்றைத் தந்தது, பொருளியலாளர்கள் பினா அகர்வாலும் பிரதீப் பாண்டாவும் கேரளத்தின் திருவனந்தபுரம் மாவட்டத்தில் நடத்தி 2005இல் வெளியிட்ட ஆய்வாகும். நிலமும் வீடும் இல்லாத பெண்களுள் 49 விழுக்காட்டினர் கணவரின் நீண்டகால உடல்வன்முறைக்கு உள்ளாகியிருந்தனர். இரண்டையும் தம் பெயரில் வைத்திருந்தோரிடையே அது 7 விழுக்காடாக இருந்தது. வன்முறைக்குப் பின் வீட்டைவிட்டு வெளியேறியோர் சொத்துடைய பெண்களுள் 71 விழுக்காடு, சொத்தில்லாதோருள் 19 விழுக்காடு. வெளியேறியபின் மீண்டும் அதே வீட்டுக்குத் திரும்பியவர்களோ பெரும்பாலும் சொத்தில்லாதோராகவே இருந்தனர். வீட்டுப்பத்திரம் பெண்ணின் பெயரில் இருக்கும்போது கணவர் கைநீட்டத் தயங்குவதும், மீறினால் அவள் போய்த் தங்க ஓரிடம் இருப்பதும் இரட்டைக் காப்பாக அமைகின்றன. வேலை போகலாம், கூலி குறையலாம். நிலமும் வீடும் அவ்வளவு எளிதில் கைவிட்டுப் போவதில்லை.

சொத்து பெண்ணின் கையில் இல்லாமல் பிறந்த வீட்டாரிடம் இருக்கும்போது விளைவு நேர்மாறாகவும் அமையக்கூடும். கர்நாடகக் கிராமங்களில் பிரான்சிஸ் ப்ளாக்கும் விஜயேந்திர ராவும் செய்து 2002இல் வெளியிட்ட ஆய்வு, மாமனார் வீட்டிலிருந்து மேலும் பணம் பெறும் கருவியாகக் கணவர்கள் அடியைப் பயன்படுத்துவதையும், அதனால் வசதியான வீட்டுப் பெண்கள் கூடுதலாக அடிபடுவதையும் காட்டியது. வேலைக்குச் செல்வதிலும் இத்தகைய ஆபத்து உண்டு. பெங்களூரில் பெண்களைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வில், முன்பு வேலையின்றி இருந்து பின்னர் வேலையில் சேர்ந்தவர்கள் வன்முறைக்கு உள்ளாகும் வாய்ப்பு கூடியிருந்தது. மனைவி சம்பாதிக்கத் தொடங்கியதும் தன் அதிகாரம் குறைவதாக உணரும் கணவர் அதை அடியால் மீட்க முயல்கிறார் என்பதே இதற்குத் தரப்படும் பொதுவான விளக்கம். ஆகவே, வேலையோடு வேறு துணைகளும் சேர வேண்டியுள்ளது. தென்னாப்பிரிக்காவின் லிம்போபோ மாகாணத்தில், ஏழைப் பெண்களுக்குச் சிறுகடனோடு பாலினச் சமத்துவப் பயிற்சியையும் சேர்த்து வழங்கிய திட்டம் அவர்கள்மீதான துணைவர் வன்முறையை 55 விழுக்காடு குறைத்ததாக 2006இல் வெளியான மதிப்பீடு தெரிவித்தது.

தமிழ்நாட்டில் பெண்களின் சொத்துரிமைக்கான குரல் பழமையானது. 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு அதைத் தீர்மானமாகவே நிறைவேற்றியது. 1989 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்த மாநிலத் திருத்தச் சட்டம், கூட்டுக்குடும்பச் சொத்தில் மகனுக்குள்ள பிறப்புரிமையை மகளுக்கும் அளித்ததெனினும் அதற்குமுன் மணமானவர்களை விலக்கியது. 2005இல் வந்த மத்தியத் திருத்தம் அந்த விலக்கை வைத்திருக்கவில்லை. இந்த உரிமை ஏட்டளவில் நின்றுவிடும் இடம் பத்திரப்பதிவு அலுவலகமாகும். திருமணத்துக்குச் செலவு செய்தாயிற்று, நகை போட்டாயிற்று என்ற நியாயத்தைக் காட்டி அண்ணன் தம்பிமார் விடுதலைப் பத்திரத்தில் தங்கையிடம் கையெழுத்து வாங்குவதும், தாய்வீட்டு உறவு அறுந்துவிடக்கூடாதே என அவள் போட்டுக்கொடுப்பதும் ஊர்தோறும் காணப்படுவன. பின்னாளில் அடி தாங்காமல் பிள்ளைகளோடு வந்து நிற்கும்போது, அவள் தன் பங்குக்கு உரியவளாக அன்றி அண்ணியின் தயவை எதிர்பார்க்கும் விருந்தாளியாகவே தாய்வீட்டு வாசலில் நிற்கிறாள். சில நாட்களில் சமாதானம் பேசித் திருப்பி அனுப்பப்படுகிறாள். பெண்கள் பெயரில் பத்து லட்சம் ரூபாய் மதிப்புவரை பதிவாகும் சொத்துகளுக்குப் பதிவுக் கட்டணத்தில் ஒரு விழுக்காட்டுச் சலுகையை 2025 ஏப்ரல் 1 முதல் தமிழ்நாடு அரசு வழங்குவது சிறிய ஊக்கமே எனினும் சரியான இடத்தில் தரப்படும் ஊக்கமாகும்.

தருமபுரி மாவட்டத்தில் 1989இல் தொடங்கி மாநிலமெங்கும் பரவிய மகளிர் சுயஉதவிக் குழுக்கள், சேமிப்போடு வாரந்தோறும் வீட்டைவிட்டு வெளியே கூடிப் பேசும் வாய்ப்பையும் பெண்களுக்கு அளித்தன. அடிபட்டவளின் வீட்டுக்குக் குழுவினர் சேர்ந்து போய்க் கேட்கும் துணிவு அங்கிருந்தே பிறக்கிறது. எனினும், குழுக்கடனைக் கணவர் வாங்கிச் செலவழித்துவிட, தவணை கட்டும் பொறுப்பு மட்டும் மனைவி தலையில் விழும் நிலை தற்சார்புக்கு நேர் எதிரானது. 2023 செப்டம்பர் 15இல் தொடங்கிய மகளிர் உரிமைத்தொகை மாதம் ஆயிரம் ரூபாயைக் குடும்பத் தலைவியின் கணக்கிலேயே செலுத்துகிறது. தனிக்குடித்தனத்துக்கு அது போதாது என்றாலும், தாலுகா அலுவலகத்துக்கோ நீதிமன்றத்துக்கோ போய்வர யாரிடமும் கேட்க வேண்டாத பணமாக அது இருக்க முடியும்.

இலங்கையில் இதே 2005ஆம் ஆண்டு இயற்றப்பட்ட 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் உடல், உள வன்முறைகளை மட்டுமே வரையறுத்தது. பொருளாதாரக் கொடுமை அதில் தனி வகையாக இடம்பெறவில்லை. வடமாகாணத் தமிழருக்குரிய தேசவழமைச் சட்டத்தின்படி, திருமணமான பெண் தன் பெயரிலுள்ள காணியையோ வீட்டையோ விற்கவும் ஈடுவைக்கவும் கணவரின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும். சீதனமாகக் காணியும் வீடும் மகளுக்கே எழுதிக்கொடுக்கும் மரபுள்ள சமூகத்தில், துன்புறுத்துபவரிடமே சம்மதம் கேட்டு நிற்க வேண்டிய இந்நிலை பெண்ணின் உடைமையைப் பாதியளவே உடைமையாக்குகிறது.

வெளியேறத் துணியும் பெண்ணுக்கு முதலில் உதவுவது பெரும்பாலும் நகையே. பிறந்த வீட்டார் போட்ட நகையும் சீராக வந்த பொருள்களும் முழுமையாக மனைவிக்கே உரியவை என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1985இல் பிரதிபா ராணி வழக்கில் உறுதிசெய்தது. ஆயினும் மாமியாரின் பீரோவிலோ அடகுக் கடையிலோ இருக்கும் நகை இரவோடு இரவாகப் புறப்படுபவளுக்குப் பயன்படுவதில்லை. அடுத்த தடை வாடகை வீடு. சில மாத வாடகையை முன்பணமாகக் கேட்கும் உரிமையாளர், கணவர் எங்கே என்பதையும் சேர்த்துக் கேட்கிறார். எனவேதான் இந்தியாவின் 2005ஆம் ஆண்டுச் சட்டம், பெண் வெளியேறாமலேயே பாதுகாப்புப் பெற வழிசெய்யும் வகையில், அவள் வாழ்ந்த வீட்டில் குடியிருக்கும் உரிமையை அந்த வீட்டில் அவளுக்குச் சொத்துரிமை இல்லாவிட்டாலும் அளித்தது. 2006இல் பத்ரா வழக்கில் இந்த உரிமையைக் குறுக்கிய உச்ச நீதிமன்றம், 2020இல் சதீஷ் சந்தர் அகுஜா வழக்கில் அதை மாற்றி, வீடு மாமனார் பெயரில் இருந்தாலும் மருமகள் அதில் உரிமை கோரலாம் எனத் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு ரஜ்னேஷ் வழக்கில், வருவாயையும் சொத்தையும் இருதரப்பினரும் உறுதிமொழிப் பத்திரத்தில் வெளியிட வேண்டும் என்றும், வாழ்க்கைப்பொருளுதவி மனுச் செய்த நாளிலிருந்தே கணக்கிடப்பட வேண்டும் என்றும் அது கூறியது. குற்றவியல் நடுவர் மனுவை 60 நாட்களுக்குள் முடிக்க முயல வேண்டும் எனச் சட்டம் சொன்னாலும் வழக்குகள் நீள்வதால், இடைக்கால ஆணையை முதலிலேயே கோருவது முக்கியமாகிறது. நகைகளின் பட்டியல், வாங்கிய ரசீது, வங்கிக் கணக்குப் புத்தகம், பிள்ளைகளின் பள்ளிச் சான்றுகள் ஆகியவற்றின் நகலை நம்பகமான ஒருவரிடம் முன்கூட்டியே கொடுத்து வைத்திருப்பவரின் மனு வலுப்பெறுகிறது. மனு எழுதவும் தங்குமிடம் பெறவும் சமூகநலத் துறையின் பாதுகாப்பு அலுவலரும், மாவட்டந்தோறுமுள்ள ஒருங்கிணைந்த சேவை மையமும், 181 என்ற கட்டணமில்லா உதவி எண்ணும் துணைசெய்கின்றன.