பேரேட்டில் அடங்காத காந்தாரம்

சென்ற கோடை விடுமுறைக்கு வந்திருந்த பேரன், ஊருக்குத் திரும்பும்போது தன் பழைய கீபோர்டை என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனான். "சும்மா உட்கார்ந்திருக்கிறதுக்கு இதைக் கத்துக்குங்க தாத்தா. உங்க ஆபீஸ் வேலை மாதிரிதான் இருக்கும்" என்றான். கேலி செய்கிறான் என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, உண்மையைத்தான் சொல்லியிருக்கிறான்.

கணினியில் அவன் போட்டுக் கொடுத்த செயலியைத் திறந்தால், நான் முப்பத்தாறு வருடம் எழுதிய பேரேடு போலவே கோடு கோடாக இருக்கிறது. இடது ஓரத்தில் கீழிருந்து மேலாகச் சுரங்கள். குறுக்கே காலம். எந்தச் சுரம் எப்போது ஒலிக்க வேண்டுமோ அந்தக் கட்டத்தில் ஒரு குறி வைக்க வேண்டும். பொத்தானை அழுத்தினால் இயந்திரம் வரிசையாகப் படித்துக்கொண்டே போகும். இதற்கு சீக்வென்சர் என்று பெயர். வரிசைப்படுத்தும் கருவி, அவ்வளவுதான்.

புதுவையில் பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்கு இந்த எண்ணம் புதிதல்ல. கணினிக்குப் பிரெஞ்சில் 'ஒர்தினத்தர்' என்று பெயர். 1955-இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் பிரான்சுக் கிளை தன் புதிய இயந்திரத்துக்கு ஒரு பெயர் கேட்டபோது, சொர்போன் பேராசிரியர் ழாக் பெரே எடுத்துக் கொடுத்த சொல் அது. கணக்குப் போடுவது என்ற பொருள் அதில் இல்லை. ஒழுங்கு செய்பவர் என்று பொருள்.

பள்ளியில் எங்கள் பிரெஞ்சு வாசகப் புத்தகத்தில் ஒரு படம் இருந்தது. பாரீஸ் தெருவில் ஒருவர் பெட்டியொன்றின் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டு நிற்பார். 'ஓர்க் தெ பர்பரி' என்னும் தெரு ஆர்கன். பெட்டிக்குள் ஒரு மர உருளை, அதில் சிறு ஆணிகள். உருளை சுழலும்போது ஆணி படும் இடத்தில் குழல் திறந்து ஒலிக்கும். பாட்டை மாற்ற உருளையைத் தள்ளி வைக்கலாம். உருளையில் இருக்கும் பாட்டுகள் தீர்ந்தால் வேறு உருளை வாங்க வேண்டும். அது கனம், விலையும் அதிகம். 1892-இல் பாரீசில் கவியோலி குடும்பத்தார் உருளையை விட்டுவிட்டு, துளையிட்ட அட்டைகளை விசிறி மடிப்பாகக் கோத்துப் புத்தகம்போல் ஆக்கினார்கள். அட்டை எவ்வளவு நீளமோ பாட்டும் அவ்வளவு நீளம். பூ வேலை நெய்ய லியோன் நகரத்து ழக்கார் தறியில் துளை அட்டை ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. தறிக்கு வந்த யோசனை பாட்டுப் பெட்டிக்கும் வந்தது. பேரன் திரையில் காட்டிய கட்டங்கள் அந்த அட்டையேதான். துளைக்குப் பதில் வண்ணக் குறி.

அடுத்து 'மிடி' என்பதைக் கற்றுக்கொண்டேன். ஒரு நிறுவனத்தின் வாத்தியம் இன்னொரு நிறுவனத்தின் வாத்தியத்தோடு பேசுவதற்கான பொது மொழி அது. 1983 ஜனவரியில் கலிபோர்னியாவில் நடந்த வாத்தியக் கண்காட்சியில், அமெரிக்கரான டேவ் ஸ்மித்தின் நிறுவனம் செய்த கீபோர்டையும் ஜப்பானியரான இகுதாரோ ககேஹாஷியின் ரோலண்ட் கீபோர்டையும் ஒரு கம்பியால் இணைத்துக் காட்டினார்கள். ஒன்றில் வாசித்தால் மற்றதும் ஒலித்தது.

தமிழில் மிடி என்றால் வறுமை. பொருத்தமான பெயர்தான். அந்தக் கம்பியில் ஒலியே போவதில்லை. "60-ஆம் சுரத்தை இப்போது தொடங்கு, இவ்வளவு அழுத்தமாக" என்ற உத்தரவு போகும். பிறகு "நிறுத்து" என்று இன்னொன்று. எங்கள் அலுவலகக் குறிப்பாணை இதே வகைதான். "சாலை போடுக" என்று தாளில் எழுதி அனுப்புவோம். தாளில் சாலை இருக்காது.

தைரியம் வந்து தோடியை எழுதிப் பார்த்தேன். ஒரு கட்டைக்குச் சட்ஜமம் 60. ரிஷபம் 61, காந்தாரம் 63, மத்யமம் 65, பஞ்சமம் 67, தைவதம் 68, நிஷாதம் 70, மேல் சட்ஜமம் 72. பொத்தானை அழுத்தினேன். வருகைப் பதிவேட்டில் எல்லாருடைய கையெழுத்தும் இருந்தது. ஆபீசில்தான் வேலை நடக்கவில்லை. தோடியின் காந்தாரம் ஒரே இடத்தில் நிற்கிற சுரமா? அது அசைந்தால்தானே தோடி.

இந்தக் குறையை மிடி வருவதற்கு வெகு முன்பே ஒரு பிரெஞ்சுக்காரர் உணர்ந்திருந்தார். மொரீஸ் மர்த்தெனோ செல்லோ வாசிப்பவர். முதல் உலகப் போரில் ராணுவத் தந்திப் பிரிவில் வேலை செய்தபோது, வானொலி வால்வுகள் எழுப்பிய தூய ஒலி அவர் காதில் தங்கிவிட்டது. 1928-இல் பாரீசில் தன் மின் வாத்தியத்தை மேடையேற்றினார். 'ஓந்த் மர்த்தெனோ' என்பது அதன் பெயர். அதில் கட்டைகளும் உண்டு. அவற்றுக்கு முன்னால் ஒரு கம்பியும் உண்டு. வலது கை விரலில் கம்பியோடு சேர்ந்த மோதிரத்தை மாட்டிக்கொண்டு நகர்த்தினால் சுரத்துக்குச் சுரம் வழுக்கிப் போகலாம். இடது கை ஒலியை ஏற்றி இறக்கும். வில் பிடித்துப் பழகியவருக்குக் கட்டை மட்டும் போதவில்லை. ஒலிவியே மெஸ்ஸியான் தம் 'துரங்கலீலா' சிம்பொனியில் இந்த வாத்தியத்துக்குத் தனி இடம் கொடுத்தார். பெயரே சம்ஸ்கிருதம். சார்ங்கதேவரின் 'சங்கீத ரத்னாகரம்' சொல்லும் தேசி தாளங்களைப் பிரெஞ்சுக் கலைக்களஞ்சியம் ஒன்றில் படித்துத் தம் இசைக்குள் எடுத்துக்கொண்டவர் அவர்.

என் கீபோர்டின் இடது ஓரத்திலும் ஒரு சிறு சக்கரம் உண்டு. உருட்டினால் சுரம் வளையும். மிடியில் அந்த வளைவுக்கு 16,384 படிகள். பதினைந்து நாள் பழகி, காந்தாரத்தை ஒருமாதிரி அசைத்துவிட்டேன்.

இவ்வளவும் எதற்காக என்று கேட்பீர்கள். என் மனைவி பாடிய கேசட் ஒன்று வீட்டில் இருக்கிறது. ஆதி தாளத்தில் ஒரு தோடிக் கீர்த்தனை. சுருதியும் இல்லை, தாளமும் இல்லை, அடுக்களைச் சத்தத்தோடு பதிவானது. அவர் போய் நான்கு வருடம் ஆகிறது. அதற்குச் சுருதியும் தாளமும் சேர்த்துப் பேத்தியின் கல்யாணத்தில் போட வேண்டும் என்று எனக்கு ஆசை.

சுருதி சுலபமாக அமைந்தது. அதற்கும் ஒரு முன்னோர் எங்கள் வீட்டு அலமாரியிலேயே இருக்கிறது. 1970-களின் இறுதியில் பெங்களூர்ப் பொறியாளரும் புல்லாங்குழல் கலைஞருமான ஜி. ராஜ் நாராயண் மின்னணுத் தம்பூராவைச் செய்தார். பஞ்சமம், சட்ஜமம், சட்ஜமம், கீழ்ச் சட்ஜமம் என்று ஓயாமல் சுற்றும் அந்தப் பெட்டியும் ஒரு சீக்வென்சர்தான். பெயர் தெரியாமலே நம் வீடுகளில் வைத்திருந்தோம். நம் வீட்டுப் பெட்டியைப் பற்றி அவர் சொல்வார்: "அதுக்குக் கை வலிக்காது. ஆனா நான் எப்ப மூச்சு விடுறேன்னு அதுக்குத் தெரியாது."

தாளத்தில்தான் சிக்கல். நிமிடத்துக்கு 72 என்று வைத்தேன். பல்லவியில் சேர்ந்து வந்தது. அனுபல்லவியில் அவர் முந்தினார், சரணத்தில் நிதானித்தார். பேரனிடம் போனில் சொன்னேன். "பாட்டி குரலை இழுத்து நேராக்கிடலாம் தாத்தா, ரெண்டு நிமிஷ வேலை" என்றான். வேண்டாம் என்றேன்.

தாளத்தை நேர் செய்யாமல், அவரைக் கேட்டுக்கொண்டே ஒரு கட்டையை நான் தட்டினேன். கிட்டத்தட்ட முந்நூறு தட்டு. இயந்திரம் என் கையை அப்படியே பதிவு செய்தது. என் விரலுக்கு வயதாகிவிட்டது. பல இடங்களில் பிந்தியிருக்கிறது. நான்கு நாள் திரும்பத் திரும்பத் தட்டினேன். ஐந்தாம் நாள் ஏறக்குறையச் சேர்ந்தது.

திரையில் பார்த்தால் ஒரு குறிகூடக் கோட்டின்மேல் இல்லை. பேரேட்டில் அப்படி எழுதியிருந்தால் மேலதிகாரி திருப்பி அனுப்பியிருப்பார். இதை மட்டும் நான் திருத்தவில்லை.